கோமோவுக்குத் தெற்கு வாசல் வழியாகப் போங்கள்

இத்தாலியின் கோமோ ஏரிக்குப் போய் வந்தேன் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். மகள் அங்கே நர்ஸ், மகன் அங்கே படிக்கிறான், சித்தி அங்கே மடத்தில் சிஸ்டர் என்று குமரி மாவட்டத்தில் இத்தாலியோடு ஏதாவது ஒரு தொடர்பு இருக்கிற குடும்பங்கள் உண்டு. போய் வந்தவர்களிடம் கோமோ ஊர் எப்படி என்று கேட்டால், "ஊரா? அது படகு ஏறுகிற இடம்தானே" என்கிறார்கள். படகில் ஏறி, ஏரிக்கரை ஊரான பெல்லாஜோவில் இறங்கி, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, போட்டோ எடுத்துத் திரும்பியிருப்பார்கள். தொள்ளாயிரம் ஆண்டுக் கிறிஸ்தவக் கோயிலும், எண்ணூறு ஆண்டுக் கோட்டை வாசலும், உலகமெங்கும் கட்டடக்கலை மாணவர்கள் படமாக வரைந்து படிக்கிற ஒரு வெள்ளைக் கட்டடமும் படகுத்துறையிலிருந்து நடக்கிற தூரத்தில் நின்றுகொண்டிருக்க, பார்க்காமலே திரும்பி வருவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் தக்கலைக்காரன், வீடு கட்டிக் கொடுப்பது தொழில். அப்பா கொத்தனார். தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் பார்த்தே வளர்ந்தவன். தங்கச்சி மிலானில் நர்ஸ் வேலையில் இருப்பதால் இரண்டு தடவை கோமோ போக வாய்த்தது. முதல் தடவை ஒரு பயண ஏற்பாட்டாளர் மூலமாக, பஸ்ஸில் கூட்டத்தோடு போனேன். ஊருக்கு அவர்கள் கொடுத்தது முக்கால் மணி நேரம், மீதி எல்லாம் படகும் கடைத்தெருவும். துவோமோ என்கிற தலைமைக் கோயிலின் வாசலில் நின்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் கொடியைத் தூக்கிக்கொண்டு கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவை கோமோவிலேயே இரண்டு இரவு தங்கினேன். அப்போதுதான் ஊர் பிடிபட்டது. ஆகவே முதல் யோசனை: கோமோவுக்கு இரண்டு முழு நாள் கொடுங்கள், ஒரு இரவாவது அங்கேயே தங்குங்கள். பகல் கூட்டம் கடைசி இரயில்களில் மிலானுக்குத் திரும்பிய பிறகு அந்தக் கல் தெருக்களில் நடப்பது வேறு அனுபவம்.

போவதற்கு முன்பு இங்கேயே ஒரு வேலை இருக்கிறது. ஒரு காலைப்பொழுது பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் வாருங்கள் (திங்கள்கிழமை விடுமுறை). இடம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசிடம், எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிறுத்திக் கூட்டிப்போன இடம் என்பதால் நம்மில் பலர் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. இந்தத் தடவை வழிகாட்டி சொல்வதை விட்டுவிட்டு நான்கு விஷயங்களை மட்டும் கவனியுங்கள்: தரை எதனால் ஆனது, கூரையின் எடை எந்த வழியாக மண்ணுக்கு இறங்குகிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, பழைய கட்டும் புதிய கட்டும் எந்த இடத்தில் ஒட்டியிருக்கின்றன. அரண்மனையின் பழைய கட்டான தாய்க்கொட்டாரத்தின் தாழ்ந்த மரக்கூரைக்குள் நின்றுவிட்டு மற்றக் கட்டுகளுக்கு நடந்து வந்தால், வேறு வேறு காலத்தில் வேறு வேறு ராஜாக்கள் சேர்த்துச் சேர்த்துக் கட்டியது கண்ணுக்குத் தெரியும். இந்த நான்கு கேள்விகளை அப்படியே கோமோவுக்கு எடுத்துப் போகலாம். கலை வரலாறு எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை.

சரி, பயணம். விசாவுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விண்ணப்பம். உத்தேசப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். கோடைக்காலத்தில் நேர்காணல் நாள் கிடைப்பதே கஷ்டம், அதனால் இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிற இடம் பெயர்தான். ஆதாரில் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, வங்கிக் கணக்கில் இன்ஷியல் பின்னால் என்று மூன்று விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் டிக்கெட், காப்பீடு, தங்குமிடப் பதிவு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். என் விண்ணப்பத்தில் வங்கிக் கணக்குப் பெயர் வேறுபட்டதால் ஒரு விளக்கக் கடிதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

குமரி, நெய்யாற்றின்கரை, பாறசாலைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் விமான நிலையம்தான் வசதி. அங்கிருந்து வளைகுடாவில் ஒரு ஊரில் மாறி மிலானின் மல்பென்சா நிலையத்தில் இறங்கலாம். அங்கேயே இரயில் நிற்கிறது. மிலானுக்குள் போகவே வேண்டாம், சரோன்னோ என்ற ஊரில் மாறினால் நேராகக் கோமோ. மிலானிலிருந்து போவதானால் இரண்டு வழி. சென்த்ராலே நிலையத்திலிருந்து கோமோ சான் ஜொவான்னிக்கு 40 நிமிடம் அளவில் ஆகும். கதோர்னா நிலையத்திலிருந்து கோமோ லாகோவுக்கு ஒரு மணி நேரம். லாகோ நிலையம் ஏரிக்கரையிலேயே இருக்கிறது, அதனால் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நான் சொல்வது சான் ஜொவான்னி. காரணம் கீழே வருகிறது.

இரயில் பற்றி இரண்டு எச்சரிக்கை. காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன்பு நடைமேடை அருகில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு, கையில் இருந்தும் செல்லாது. என் கண் முன்னால் ஒரு குடும்பம் முழுக்க அபராதம் கட்டியது. இன்னொன்று, கோமோவைத் தாண்டினால் அடுத்தது கியாஸ்ஸோ, அது சுவிட்சர்லாந்து. தூங்கிவிட்டால் வேறு நாட்டில் போய் விழிப்பீர்கள். பாஸ்போர்ட் எப்போதும் உடம்போடு இருக்கட்டும். இந்த எல்லை விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குழித்துறையில் காலை இரயில் ஏறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள் மாதிரி, கோமோக்காரர்களில் ஏராளமானவர்கள் தினமும் சுவிட்சர்லாந்துக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். அந்தப் பக்கம் சம்பளம், இந்தப் பக்கம் வீடு. எல்லை ஊரின் சுபாவம் எங்கேயும் ஒன்றுதான் போல.

சான் ஜொவான்னியில் ஏன் இறங்கச் சொன்னேன் என்றால், முதலில் பார்க்க வேண்டியது கோட்டைச் சுவருக்கு வெளியே, தெற்குப் பக்கம் இருக்கிற சாந்தாப்போந்தியோ கோயில். பெட்டியை நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து வைத்துவிட்டு நடந்தே போகலாம். ஏரியைப் பார்க்காதீர்கள், அது எங்கும் போகாது. இந்தக் கோயிலை 1095-இல் போப் இரண்டாம் அர்பன் நேரில் வந்து புனிதப்படுத்தினார். நம் தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்து எண்பது ஆண்டு கழிந்த சமயம் அது. வெளியே அலங்காரம் என்று பெரிதாக எதுவும் இல்லை, சாம்பல் நிறக் கல், இரண்டு மணிக்கூண்டுகள், உயரமான நேர்ச் சுவர். பின்பக்கம் போய் அரைவட்டச் சுவரின் ஜன்னல்களைப் பாருங்கள். கயிறு முறுக்கியது போல, கொடி பின்னியது போல ஜன்னலைச் சுற்றிக் கல்லில் வேலை செய்திருக்கிறார்கள். சுசீந்திரத்தில் கல்லைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிமையாகத் தோன்றலாம். தோன்றினாலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள், ஒரு முறுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் காற்றில் வரைந்து பாருங்கள்.

உள்ளே ஐந்து நீளப் பத்திகள், நடுவில் உயர்ந்த தூண்கள். பலிபீடத்தைச் சுற்றிய அரைவட்டச் சுவர் முழுக்க 14ஆம் நூற்றாண்டின் சுவரோவியம், இயேசுவின் வாழ்க்கை கட்டம் கட்டமாக. ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்க்க மறக்காதீர்கள். இந்தக் கோயிலுக்கு அடியில் இதைவிடப் பழைய ஒரு கோயில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பழுது பார்க்கும்போது அதன் மிச்சங்கள் கிடைத்தன. பழைய சுவர் எங்கே ஓடியது என்பதை இப்போதைய தரையில் கறுப்பு வெள்ளைச் சலவைக்கல்லால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பழையதைத் தோண்டிக் கண்ணாடி போட்டுக் காட்டவும் இல்லை, மூடி மறைக்கவும் இல்லை, கோடு மட்டும். நம் ஊரில் பழைய கோயில் திருப்பணியில் பழந்தரையை இடித்துப் பளபளக்கும் கிரானைட் ஒட்டுவதைப் பார்த்து வயிறு எரிந்தவன் நான். அந்தக் கோட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்றேன்.

இந்தக் கோயிலோடு சேர்த்து ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொமாச்சினி மேஸ்திரிகள் என்று அவர்களுக்குப் பெயர். கோமோ ஏரியையும் சுற்றுப் பள்ளத்தாக்குகளையும் சேர்ந்த கொத்தனார்கள், கல்தச்சர்கள். ஊர் ஊராகப் போய் வேலை எடுத்து ஐரோப்பாவின் பல இடங்களில் கட்டியவர்கள். கொமாச்சினி என்றால் கோமோக்காரர்கள் என்று சிலரும், சாரம், ஏற்றம் முதலிய கருவிகளோடு வேலை செய்தவர்கள் என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள். பெயர் எப்படியோ, கி.பி. 643-இல் வட இத்தாலியை ஆண்ட லொம்பார்த்து ராஜா ரொதாரி போட்ட சட்டத்திலேயே இவர்கள் வருகிறார்கள். ஒரு மேஸ்திரி தன் ஆட்களோடு கூலி பேசி ஒரு வீட்டு வேலையை ஏற்று, வேலையின்போது கல்லோ மரமோ விழுந்து ஒருவர் இறந்துபோனால், ஈடு கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர் இல்லை, மேஸ்திரிதான் என்கிறது அந்தச் சட்டம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது! வேலையிடத்தில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று இன்றைக்கும் எங்கள் தொழிலில் நடக்கிற அதே பேச்சு. என் அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லிக் கேட்டு அசந்திருப்பார். கோமோவின் கட்டடங்களை ராஜாக்களின், பாதிரியார்களின் வேலையாக மட்டும் பார்க்காமல் இந்தக் கொத்தனார்களின் வேலையாகவும் பாருங்கள். ஊர் வேறு மாதிரி தெரியும்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் போர்த்தா தோர்ரே, கோட்டையின் தெற்கு வாசல். 1192-இல் கட்டியது, உயரம் 40 மீட்டர் அளவு. வாசலுக்கு மேல் அடுக்கடுக்காக ஜோடி வளைவுகள் திறந்து நிற்கின்றன. இந்த வாசல் ஏன் இவ்வளவு முறுக்காக நிற்கிறது என்பதற்குக் கதை உண்டு. கோமோவும் மிலானும் 1118 முதல் 1127 வரை சண்டை போட்டன, கடைசியில் மிலான்காரர்கள் கோமோவை அழித்தார்கள். பிறகு பார்பரோசா என்ற பேரரசர் மிலானுக்கு எதிராகக் கோமோவைத் தூக்கி நிறுத்த, சுவரையும் வாசலையும் புதிதாகக் கட்டினார்கள். மிலானிலிருந்து வருகிற பாதையைப் பார்த்துத்தான் இந்த வாசல் நிற்கிறது. ஏரிப் பக்கமிருந்து ஊருக்குள் நுழைகிறவருக்கு இது புரியாது. தெற்கிலிருந்து நடந்து வந்து, நிமிர்ந்து பார்த்து, வளைவுக்கு அடியில் உள்ளே போக வேண்டும். செவ்வாய், வியாழன், சனி நாட்களில் சுவரை ஒட்டிச் சந்தை கூடும். எங்கள் மார்த்தாண்டம் சந்தைச் சத்தத்தில் பாதிகூட இருக்காது, ஆனால் பழமும் பாலாடைக்கட்டியும் நல்ல விலையில் கிடைக்கும்.

சுவரின் ஒரு மூலையில் கத்தோனி கோபுரம் இருக்கிறது. கோமோவில் 1745-இல் பிறந்த அலெஸ்ஸாந்த்ரோ வோல்தா, நாம் வோல்ட் என்று சொல்கிற மின்னழுத்த அலகுக்குப் பெயர் கொடுத்தவர், இளம் வயதில் நண்பரோடு இந்தக் கோபுரத்தில்தான் மின்சாரச் சோதனைகள் செய்தார். ஏரிக்கரையில் அவருக்காக ஒரு நினைவு மண்டபமும் உண்டு, பிறகு வருகிறேன்.

உள்ளே போனதும் தெருக்களின் நேர்க்கோட்டைக் கவனியுங்கள். ஜூலியஸ் சீசர் கி.மு. 59-இல் இங்கே குடியேற்றம் அமைத்து ஊரை நிலைப்படுத்தினார். ரோமானியர்கள் போட்ட சதுரக் கட்டம்தான் இன்றைக்கும் தெரு அமைப்பு. மேலே வீடுகள் மாறின, கடைகள் மாறின, கோடு மாறவில்லை. வழி தவறவே முடியாது. கூகுள் வரைபடத்தை மூடிவிட்டு நடங்கள்.

நடுவில் சான் ஃபெதேலே. 12ஆம் நூற்றாண்டுக் கோயில். முன்பக்கத்துச் சதுக்கத்தில் ஒரு காலத்தில் தானியச் சந்தை நடந்தது. அதைச் சுற்றி மரச்சட்டம் போட்டு நடுவே செங்கல் அடைத்த பழைய வீடுகள் சில மிச்சம் இருக்கின்றன, மேல்தளம் கீழ்த்தளத்தைவிட வெளியே தள்ளி நிற்கும், மச்சு வீடு பார்த்தவர்களுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும் அமைப்பு. பெரும்பாலானவர்கள் சதுக்கத்தில் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் கோயிலைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். அங்கே முக்கோண முகப்பு வைத்த ஒரு சின்ன வாசல், அதன் இருபுறமும் யாளி மாதிரியான மிருகங்கள். முகம் தேய்ந்துவிட்டது, உடம்பு முறுக்கு அப்படியே இருக்கிறது.

அப்புறம் துவோமோ. இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள், மிச்சம் பிடிக்க வேண்டாம்.

முதலில் துவோமோவை விட்டுவிட்டு அதன் இடுப்பை ஒட்டி நிற்கும் ப்ரொலெத்தோவைப் பாருங்கள். 1215-இல் கட்டிய ஊராட்சி மண்டபம். வெள்ளை, சாம்பல், சிவப்பு என்று பட்டை பட்டையாகக் கல் வைத்திருக்கிறார்கள், கீழே திறந்த வளைவு மண்டபம், பக்கத்தில் கோபுரம். துவோமோவுக்கு இடம் போதவில்லை என்று 15ஆம் நூற்றாண்டில் இந்த மண்டபத்தின் ஒரு பகுதியை இடித்தார்கள். இரண்டும் தொடுகிற இடத்தில் போய் நில்லுங்கள். ஒரு பக்கம் பட்டைக் கல், மறு பக்கம் வெள்ளைக் கல். ஊர்ப் பஞ்சாயத்தும் கோயிலும் ஒரே சுவரில் முட்டி நிற்பதை அந்த மூட்டு சொல்கிறது. பத்மநாபபுரத்தில் பழகிய நான்காவது கேள்வி இங்கேதான் உதவும்.

துவோமோவை 1396-இல் தொடங்கினார்கள். மேலே நிற்கிற குவிமாடம் 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது, வரைந்தவர் ஃபிலிப்போ யுவார்ரா, உயரம் 75 மீட்டர். முந்நூறு ஆண்டுக்கு மேல் ஒரே வேலையிடம்! பாட்டன் வைத்த அஸ்திவாரத்தின் மேல் பேரன் பேரனுக்குப் பேரன் கூரை போட்டிருக்கிறான். வாசல் வழியாக நுழைந்து நேராக நடந்தால் அந்தக் காலத்தை உங்கள் காலால் அளக்கலாம். முன்பாதியில் கூரான வளைவுகள், கோதிக் பாணி. சிலுவை வடிவக் கட்டடத்தின் குறுக்குக் கையும் பலிபீடமும் இருக்கும் பகுதிக்கு வந்தால் வளைவுகள் வட்டமாகிவிடும், அது மறுமலர்ச்சிக் காலம். குவிமாடத்துக்கு அடியில் நின்று நிமிர்ந்தால் தங்கமும் வெளிச்சமுமாக இன்னொரு காலம். தூண்களுக்கு இடையே தொங்குவது திரைச்சீலை ஓவியம் இல்லை, நெய்த படங்கள், 16, 17ஆம் நூற்றாண்டுத் தறி வேலை. நெசவு தெரிந்த வீட்டில் பிறந்தவர்கள் கிட்டப் போய்ப் பாருங்கள், நூலை மாற்றிய இடங்கள் தெரியும்.

வெளியே வந்து முகப்பின் நடு வாசலுக்கு இருபுறமும் பாருங்கள். கல் மாடத்துக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்கள் புனிதர்கள் இல்லை. மூத்த பிளினி, இளைய பிளினி, மாமாவும் மருமகனும், இரண்டு பேரும் கோமோவில் பிறந்த ரோமானிய எழுத்தாளர்கள். மூத்தவர் கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர், இளையவர் அதைப் பற்றிக் கடிதம் எழுதியவர். இரண்டு பேரும் கிறிஸ்தவர்களே இல்லை. ஆனாலும் ஊர்ப் பிள்ளைகள் என்பதற்காகத் தலைமைக் கோயிலின் தலைவாசலில் இடம் கொடுத்திருக்கிறார்கள். சர்ச்சும் பள்ளிவாசலும் அம்மன் கோயிலும் ஒரே தெருவில் இருக்கிற எங்கள் ஊர்க்காரனுக்கு இதைப் பார்த்ததும் மனசு நிறைந்தது.

அந்தச் சிற்பங்களைச் செய்தவர்கள் ரொதாரி சகோதரர்கள். (மேலே சொன்ன ராஜா வேறு, இவர்கள் வேறு.) அவர்களின் வேலையை இன்னும் பார்க்க வடக்குப் பக்க வாசலுக்குப் போங்கள். தவளை வாசல் என்று பெயர். கொடியும் பூவும் பறவையுமாகச் செதுக்கிய கல் சட்டத்தில் ஒரு சின்னத் தவளை ஏறிக்கொண்டிருக்கும். நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள், குழந்தைகளைக் கூட்டிப் போனால் அவர்களிடம் விடுங்கள். ஏரி வெள்ளம் ஒரு தடவை அந்த உயரம் வரை வந்ததன் அடையாளம் என்று ஊரில் கதை சொல்கிறார்கள்.

கோயில்களில் சில நடைமுறைகள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், சுடிதார் போட்டால் பிரச்சினையே இல்லை. மதியம் சில கோயில்களை மூடிவிட்டு மூன்று மணி போலத்தான் திறப்பார்கள், அதனால் காலையிலேயே தொடங்குங்கள். பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க வேண்டாம், வேண்டுமானால் உட்கார்ந்து முழுப் பூசையும் காணுங்கள். சில இடங்களில் இருட்டான ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும், காசு போட்டால் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். ஐம்பது சென்ட், ஒரு யூரோ நாணயங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலை துவோமோவின் பின்பக்கம் போய் இரயில் பாதையைக் கடந்தால் ஒரு வெள்ளைக் கட்டடம். காசா தெல் ஃபாஷோ, 1932 முதல் 1936 வரை கட்டியது, வரைந்தவர் ஜூசெப்பே தெர்ராஞி. பெயருக்கு ஃபாசிசக் கட்சி வீடு என்று பொருள், முசோலினியின் கட்சி அலுவலகத்துக்காகக் கட்டியது. அதை மறைத்துப் பேசக்கூடாது. யாருக்காகக் கட்டப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டே, எப்படிக் கட்டப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அடிமனை 33.20 மீட்டர் சதுரம், உயரம் 16.60 மீட்டர், அதாவது சரியாகப் பாதி. கான்கிரீட் தூணும் உத்தரமும் சட்டமாக வெளியே தெரிகிற முகப்பு, ஒரு பக்கம் ஜன்னலே இல்லாத வெறும் சுவர். நான்கு முகமும் நான்கு விதம், ஆனால் கணக்கு ஒன்றுதான். சதுக்கத்தின் மறுபக்கம் நின்று ஒரு தடவை இதையும், திரும்பி நின்று துவோமோவின் குவிமாடத்தையும் மாறி மாறிப் பாருங்கள். உள்ளே இப்போது நிதிக் காவல் படையின் அலுவலகம், வழக்கமாக விடமாட்டார்கள். வாசலில் கேமராவோடு நெருங்கிப் போய்க் காவலரைச் சங்கடப்படுத்த வேண்டாம், தள்ளி நின்று பார்ப்பதே நல்லது, அதுதான் கட்டடத்துக்கும் சரியான தூரம்.

தெர்ராஞி ரஷ்யப் போர்முனைக்குப் போய் உடைந்து திரும்பி, 1943-இல், 39 வயதில் இறந்துபோனார். அந்தக் குறுகிய காலத்தில் இந்த ஊரில் அவர் கட்டியவை பல. ஏரிக்கரையில் விளையாட்டரங்கம் பக்கம் நொவோகோமும் என்ற அடுக்குமாடி வீடு, 1927 முதல் 1929 வரை கட்டியது. நகராட்சிக்கு வழக்கமான அலங்கார முகப்போடு ஒரு வரைபடம் கொடுத்துவிட்டு, வேறொன்றைக் கட்டினார். சாரம் பிரித்தபோது ஊரே அதிர்ந்தது. உருளை வடிவ மூலைகளில் கண்ணாடி, அதற்கு மேல் கனத்த தளம் மூலை மடித்து நிற்கும். பிளான் அப்ரூவல் வாங்கி வேலை செய்கிறவன் என்ற முறையில் அந்தச் செயலை நான் ஆதரிக்கவில்லை, கட்டடம் அழகு என்பதை மறுக்கவும் முடியவில்லை. ஆட்கள் குடியிருக்கும் வீடு அது, தெருவில் நின்று பார்த்தால் போதும்.

அதற்குப் பக்கத்திலேயே போர் நினைவுச் சின்னமும், வோல்தா மண்டபமும் ஏரிக்கரையில் வரிசையாக வரும். நினைவுச் சின்னத்தின் மூல வரைவு கோமோவில் பிறந்த அந்தோனியோ சாந்தேலியா என்ற இளைஞருடையது, முதல் உலகப் போரில் 1916-இல் இறந்துவிட்டார், தெர்ராஞிதான் கட்டி முடித்தார். வோல்தா மண்டபத்தில் பழைய மின்கலங்களும் கருவிகளும் உண்டு, பள்ளிப் பிள்ளைகளோடு போனால் கட்டாயம் பாருங்கள், இல்லையென்றால் வெளியே பார்த்தால் போதும். கரையோடு இன்னும் நடந்தால் வில்லா ஓல்மோ, 18ஆம் நூற்றாண்டு மாளிகை, தோட்டத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிடலாம்.

சாப்பாடு. மதியம் இரண்டரைக்கு மேல் உணவகங்கள் பலவும் அடுப்பை அணைத்துவிடும், ராத்திரி ஏழுக்குத்தான் மறுபடி. இந்த நேரத்தை மறந்தால் பட்டினிதான். பில்லில் கோபெர்த்தோ என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ வரும், ஏமாற்று இல்லை, இருக்கைக் கட்டணம். காப்பியை நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு. சைவக்காரர்கள் மார்கெரீத்தா பீட்சா, பொலேந்தா என்ற சோளமாவுக் களி, காளான் போட்ட அரிசி ரிசொத்தோ என்று சமாளிக்கலாம், ரிசொத்தோவில் இறைச்சிச் சாறு ஊற்றியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். மீன் சாப்பிடுகிற குமரிக்காரர்களே, மிஸ்ஸொல்தீனி கேட்டு வாங்குங்கள். ஏரி மீனை உப்புப் போட்டு, வெயிலில் கட்டி உலர்த்தி, பிரிஞ்சி இலையோடு தகரப் பெட்டியில் அடுக்கி அழுத்தி வைக்கிற பண்டம். சுருக்கமாக, கருவாடு. சுட்டு, வினிகர் தெளித்து, பொலேந்தாவோடு தருவார்கள். தங்கச்சியும் நானும் அதைச் சாப்பிட்டுக்கொண்டே மரச்சீனிக் கிழங்கையும் சாளைக் கருவாட்டையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

படகே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏரி தலைகீழாகப் பிடித்த கவட்டை மாதிரி இருக்கும். கோமோ ஒரு காலின் நுனி, லெக்கோ இன்னொரு காலின் நுனி, பெல்லாஜோ இரண்டும் பிரிகிற இடம். ஆழம் 400 மீட்டருக்கு மேல். மெதுவான படகில் பெல்லாஜோவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும், நேரம் இல்லாதவர்கள் தோர்னோ வரை மட்டும் போய்வாருங்கள், அரை மணியில் வந்துவிடும். அங்கே சான் ஜொவான்னி கோயிலின் வாசலும் ரொதாரிகள் கைவேலை என்பார்கள். விரைவுப் படகு வேண்டாம், கண்ணாடிக்குள் அடைத்து உட்கார வைத்துவிடுவார்கள். காலையில் வடக்கிலிருந்து திவானோ என்ற காற்றும் மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து பிரேவா என்ற காற்றும் அடிக்கும். ஆரல்வாய்மொழிக் காற்று வாங்கியவர்களுக்கு இது ஒன்றும் இல்லை, ஆனால் சித்திரையில்கூட ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும். நல்ல மாதங்கள் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை, பிறகு செப்டம்பர்.

கடைசியாக மாலையில் புருனாத்தே. பழநி விஞ்ச் மாதிரியே வடம் இழுத்து மேலே போகிற இரயில், 1894 முதல் ஓடுகிறது, ஏழு நிமிடத்தில், கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் இருக்கும் கிராமத்தில் விடும். பகலில் இதற்கு வரிசை நீளம், அதனால் சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகப் போகப் பாருங்கள். மேலே விளிம்பில் நின்று கீழே பார்த்தால் இரண்டு நாளாக நடந்த ஊர் முழுக்க உள்ளங்கையில் இருக்கும். முதலில் குவிமாடத்தைக் கண்டுபிடியுங்கள். அதன் பக்கத்தில் வெள்ளைச் சதுரம் தெர்ராஞியுடையது. ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே நேராக ஓடும் தெருக் கோடுகள் சீசருடையவை. அந்தக் கோட்டின் தெற்கு முனையில் போர்த்தா தோர்ரே, அதற்கும் வெளியே இரட்டை மணிக்கூண்டு. இருட்டும் வரை நிற்பதானால், கீழே இறங்கும் கடைசி வண்டி நேரத்தை ஏறும்போதே சீட்டு வாங்குகிற இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பருவத்துக்குத் தக்க மாறும்.